ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பள்ளிகளில் ஏப்ரல் பிறந்தாலே மதிப்பீட்டுப் படிவங்கள் குவிய ஆரம்பித்துவிடும். அரசுப் பள்ளிகளில் ஸ்பீச் தெரபிஸ்ட்டாகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மற்ற தெரபிஸ்ட்டுகளின் வேலையை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கிறேன். இந்த வருடம் புதிதாக இரண்டு பேர் இதே பொறுப்புக்கு வந்தார்கள். அவர்கள் எழுதிய முதல் படிவங்களைப் படித்துப் பார்த்தேன். நான் முதல் வருடம் செய்த தவறுகள் வரிசை மாறாமல் அப்படியே இருந்தன.

தேதி போடாமல் விடுவது, படிவத்தைத் தாமதமாகக் கொடுப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே அவர்கள் திருத்திக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பாதிக்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். இந்த வேலையில் நம்மவர்களும் இருக்கிறார்கள், ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கான தனித்திட்டம்) கூட்டங்களில் பெற்றோராக உட்காருகிறவர்களும் நம்மில் நிறைய உண்டு. இரு தரப்பும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

வகுப்பாசிரியரின் படிவத்தோடு உள்ளே போவது

ஒருமுறை பிரின்சிபாலும் நானும் ஒரு தெரபி அமர்வைப் பார்க்கப் போனோம். முன்பு சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எதிரே பேச உதவும் டேப்லெட். தெரபிஸ்ட் சோப்புக் குமிழி பாட்டிலை மூடியபடியே கையில் பிடித்துக்கொண்டு சிறுமியின் முகத்தைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. பத்து நொடிக்கு மேல் அறையில் சத்தமே இல்லை. பக்கத்தில் பிரின்சிபாலின் பேனா ஓடியது: "கற்பித்தல் நடக்கவில்லை." சிறுமியின் விரல் திரை மேல் இங்கும் அங்கும் தயங்கி, கடைசியில் ஒரு படத்தைத் தொட்டது. "திற" என்று டேப்லெட் பேசியது. அதற்குப் பிறகுதான் தெரபிஸ்ட் மூடியைத் திறந்தார்.

அந்தக் காத்திருப்புதான் சிகிச்சை. அவர் முந்திக்கொண்டு "உனக்குக் குமிழி வேணுமா?" என்று கேட்டிருந்தால் அந்தச் சிறுமி பேச வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஆனால் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்காகத் தயாரித்த படிவத்தில் காத்திருப்புக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

2009-இல் ஒபாமா அரசு 'ரேஸ் டு த டாப்' என்ற பெயரில் 435 கோடி டாலர் போட்டித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பல மாநிலங்கள் ஆசிரியர் மதிப்பீட்டை மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்துக் கட்டின. அந்தப் படிவங்கள் எங்கள் மேசைக்கும் வந்து சேர்ந்தன. தேர்வு மதிப்பெண்ணை வைத்துத் தெரபிஸ்ட்டை அளப்பது சரிவராது என்று எங்கள் தொழில் சங்கமான ஆஷா சொன்னது. அதோடு 'பேஸ்' என்ற தனி மதிப்பீட்டு முறையையும் உருவாக்கிக் கொடுத்தது. தெரபிஸ்ட் சேர்த்துவைக்கும் வேலைக் கோப்பு, சுயமதிப்பீடு, நேரில் பார்வையிடுவது எல்லாம் அதில் உண்டு. 2015-இல் வந்த கல்விச் சட்டம் மத்திய அரசின் நெருக்கடியை நீக்கியது. ஆனாலும் பழைய படிவத்தைக் கையில் பிடித்தபடி வருகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

எட்டிய இலக்குகளின் சதவீதத்தை வேலையின் தரமாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்னமும் கோபம் வருகிற தவறு இது. புதிதாக வந்த இரண்டு பேருமே இதைச் செய்திருந்தார்கள்.

சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. என்ற தனித்திட்டம் உண்டு. அதில் அந்த வருடத்துக்கான இலக்குகள் எழுதப்படும். வருடக் கடைசியில் ஒவ்வொன்றும் எட்டியதா இல்லையா என்று குறிப்பார்கள். ஒரு தெரபிஸ்ட்டின் பிள்ளைகளுக்கு மொத்தம் 120 இலக்குகள், அதில் 96 எட்டியாச்சு, ஆகவே 80 சதவீதம். கணக்கு பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அதனாலேயே கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

என் முதல் வருடத்தில் இரண்டு தெரபிஸ்ட்டுகளை நான் மதிப்பிட வேண்டியிருந்தது. ஒருவரிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் 'ர' ஒலி, 'ஸ' ஒலி சரியாக வராத பிள்ளைகள். மற்றவரிடம் ஆட்டிசம் உள்ளவர்கள், பேச்சுத் தசைகளை ஒருங்கிணைக்க முடியாதவர்கள், டேப்லெட் மூலம் பேசுகிறவர்கள். முதலாமவருக்கு 88 சதவீதம் வந்தது, இரண்டாமவருக்கு 41. இரண்டாமவரின் படிவத்தில் "முன்னேற்றம் தேவை" என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைகளோடு எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரே ஒரு நாள், அரை மணி நேரம்.

அடுத்த வருடம் அவருடைய சதவீதம் 85-ஐத் தொட்டது. நான் சொன்னது வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஓர் ஐ.இ.பி. கூட்டம். ஏழு வயதுப் பையனின் அம்மா இரண்டு வருடத் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முந்தைய வருட இலக்கு: "உணவுக்கூடத்தில் யாரும் தூண்டாமல், தனக்கு வேண்டியதை இரண்டு சொற்களில் கேட்பான், ஐந்து முறையில் மூன்று முறை." அது எட்டவில்லை. அந்த வருட இலக்கு: "தெரபி அறையில், எதைத் தொட வேண்டும் என்று காட்டினால், 'இன்னும்' என்ற படத்தைத் தொடுவான், 80 சதவீதம்." அது எட்டிவிட்டது. ஆனால் அதை அவன் கிண்டர்கார்டனிலேயே செய்துகொண்டிருந்தான். "என் பிள்ளை பின்னால் போய்விட்டானா?" என்று அந்த அம்மா கேட்டார். தெரபிஸ்ட் தலை குனிந்திருந்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

பையன் பின்னால் போகவில்லை. நான் போட்ட மதிப்பெண் அவனுடைய இலக்கைக் கீழே இழுத்துவிட்டது. அந்த வருடம் முழுக்க அவன் உணவு வரிசையில் நின்று, தட்டில் வைத்ததை வாங்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறான். அவனுக்குச் சாக்லேட் பால்தான் பிடிக்கும். வெள்ளைப் பாலை வைத்தார்கள், அவன் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "சாக்லேட் பால்" என்று அவன் தானாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பழைய இலக்கே எழுதப்பட்டிருந்தது. ஜூனில் அந்தத் தெரபிஸ்ட் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு அடுத்த வருடத்தில் மட்டும் ஒப்பந்தத்தில் மூன்று பேர் வந்து போனார்கள். மூன்று முறையும் அவன் புது முகத்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

சட்டம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. கொலராடோவின் டக்ளஸ் கவுன்டியைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையனின் பெற்றோர் தொடுத்த வழக்கில், 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையின் நிலைமைக்கு ஏற்றபடி, அதே சமயம் உயர்ந்த இலக்கோடு திட்டம் இருக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் உயர்த்தச் சொல்கிற அதே இலக்கைத் தாழ்த்தினால் நாம் நல்ல மதிப்பெண் கொடுக்கிறோம்.

பாதிப்பு இதோடு முடிவதில்லை. கஷ்டமான பிள்ளையைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளத் தெரபிஸ்ட் தயங்குவார். தேறிவிட்ட பிள்ளையைச் சதவீதத்துக்காக இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்வார். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதை யாராயிருந்தாலும் செய்வார்கள்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? நான் இப்போது மூன்று பிள்ளைகளின் கோப்பை எடுக்கிறேன். ஒன்றை நான் தேர்ந்தெடுப்பேன், ஒன்றைத் தெரபிஸ்ட், இன்னொன்றை வகுப்பாசிரியர். தொடக்க நிலை எண்ணோடும், எந்தச் சூழலில் என்ற விவரத்தோடும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்று வாரம் தொடர்ந்து எண்கள் அசையாமல் நின்றால் தெரபிஸ்ட் எதை மாற்றினார்? உதவி எப்படிக் குறைந்து வந்திருக்கிறது? கையைப் பிடித்துத் தொடவைத்த நிலையிலிருந்து வெறும் பார்வையே போதும் என்ற நிலைக்கு வந்திருந்தால், இலக்கு எட்டாவிட்டாலும் பெரிய வேலை நடந்திருக்கிறது. அப்புறம், அந்தப் பிள்ளையைத் தெரபி அறைக்கு வெளியே, சாப்பாட்டு நேரத்திலோ விளையாட்டு நேரத்திலோ கட்டாயம் போய்ப் பார்ப்பேன். அக்டோபரில் ஒரு சிகிச்சை முறை பலிக்கவில்லை என்று கண்டுபிடித்து மாற்றியவருக்கு, மே மாதம் "எட்டவில்லை" என்று இருந்தாலும் நான் நல்ல மதிப்பெண்ணே போடுகிறேன்.

"மேலிடத்தில் எண் கேட்பார்களே, என்ன சொல்ல?" என்று புதிதாக வந்தவர்களில் ஒருவர் கேட்டார். எண் கொடுக்கலாம், தெரபிஸ்ட்டின் கையில் இருப்பவற்றுக்கு. பெற்றோர் சம்மதித்த நாளிலிருந்து மத்தியச் சட்டம் சொல்லும் 60 நாளுக்குள், அல்லது மாநிலம் வைத்திருக்கும் கெடுவுக்குள், பரிசோதனை முடிந்ததா? திட்டத்தில் எழுதிய நிமிடங்கள் பிள்ளைக்குக் கிடைத்தனவா? முன்னேற்ற அறிக்கை வீட்டுக்குப் போனதா? இவற்றை எண்ணுங்கள்.

தலையை எண்ணிவிட்டு வேலையை எண்ணாமல் விடுவது

ஒரே பள்ளியில் 48 பிள்ளைகளைப் பார்ப்பவரைவிட, மூன்று பள்ளிகளுக்குக் காரோட்டி 36 பேரைப் பார்ப்பவரின் சுமை கூடுதலாக இருக்கலாம். கூட்டம், அறிக்கை, மெடிக்கெய்ட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவு, டேப்லெட்டில் சொற்களை ஏற்றுவது எல்லாம் வேலைதான். மொத்த வேலைச்சுமையைப் பார்க்க வேண்டும் என்று ஆஷா 2002 முதலே சொல்லி வருகிறது.

"சிகிச்சை வேண்டாம்" என்ற முடிவை வேலையாகக் கருதாதது

இது நம் பிள்ளைகளைத் தொடுகிற விஷயம். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளையைப் பேச்சுக் குறைபாடு என்று சந்தேகப்பட்டு அனுப்பினார்கள். 'தி', 'எ' போன்ற ஆங்கிலச் சொற்களை வாக்கியத்தில் விட்டுவிடுகிறான், 'திஸ்' என்பதில் பல்லிடை ஒலி வரவில்லை என்று குறிப்பு. தமிழில் அந்தச் சொற்களும் இல்லை, சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலியும் வராது. தெரபிஸ்ட் அவசரப்படவில்லை. தமிழ் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டார். பாட்டியோடு வீடியோவில் பிள்ளையைப் பேசவைத்துக் கேட்டோம். பூனை வந்து பாலைக் கொட்டிவிட்டு ஓடின கதையை, "வந்துட்டு", "குடிச்சிட்டு" என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே, மூச்சு விடாமல் சொன்னான். அவன் மொழியில் ஒரு குறையும் இல்லை.

முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே பரிசோதிக்க வேண்டும், ஆங்கிலம் போதாததைக் குறைபாடாக எழுதக்கூடாது என்பது சட்டம். அந்தத் தெரபிஸ்ட் மூன்று வாரம் உழைத்து ஒரு பிள்ளையைத் தவறான முத்திரையிலிருந்து காப்பாற்றினார். படிவத்திலோ அது பூஜ்யம். பட்டியலில் யாரும் சேரவில்லை, எந்த இலக்கும் எட்டப்படவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளுக்கு நான் இப்போது தனிப் பத்தி எழுதுகிறேன்.

முதல் வருடத் தெரபிஸ்ட்டின் இரண்டு மதிப்பீடுகளைக் கலப்பது

படிப்பு முடித்தவர்கள் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் வழிகாட்டியின் கீழ் வேலை பார்த்த பிறகே ஆஷாவின் சான்றிதழ் கிடைக்கும். வழிகாட்டி எழுதும் குறிப்பு கற்றுக்கொடுப்பதற்கானது. அதைப் பிரின்சிபாலின் படிவத்துக்கு இழுத்துவந்தால், அடுத்த முறை தனக்குத் தெரியாததை அந்தப் புதுத் தெரபிஸ்ட் உங்களிடம் கேட்கவே மாட்டார்.

மே மாதம் வரை பேசாமல் இருப்பது

அக்டோபரில் பார்த்ததை அக்டோபரிலேயே சொல்லுங்கள்.

சொல்லாமல் நுழைவது

திக்கிப் பேசும் பிள்ளை இருக்கும் அறைக்குள் முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள். தெரபிஸ்ட்டிடம் மட்டும் சொன்னால் போதாது, அந்தப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டுப் போங்கள்.