எம்.ஜி.பி. காரின் முன் சீட்டுகள்: கழற்றும்போதும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் ஒவ்வொரு முன் சீட்டையும் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். சீட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளினால் முன்பக்கத்து இரண்டும், முன்னுக்கு இழுத்தால் பின்பக்கத்து இரண்டும் கண்ணில் படும். பார்த்தவுடன் அரை மணி நேர வேலை என்று தோன்றும். அந்த போல்ட்டுகள் போய் இறங்குவதோ தரைத் தகட்டின் அடியில் பற்றவைத்த நட்டுகளுக்குள். மழைத் தண்ணீரும், குளிர்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் கொட்டும் உப்பும் ஐம்பது வருடமாக அந்த நட்டுகளின் மேல்தான் தெறித்துக்கொண்டிருக்கின்றன. கேபினுக்குள் பளபளவென்று தெரியும் போல்ட் தலையை நம்பி ஸ்பேனரை மாட்டுவதுதான் முதல் தவறு. இந்த வேலையைக் காரின் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். நட்டுக்குக் கீழே போல்ட்டின் முனை சில மரைகள் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். வேலையைக் கெடுப்பது அந்தச் சில மரைகள்தான். அவற்றில் துருவும், துருப்பிடிக்காமல் காரின் அடியில் பூசும் அண்டர்சீல் தாரும் கட்டியாக ஏறியிருக்கும். சுத்தம் செய்யாமல் மேலிருந்து திருகினால் அந்தக் கட்டி முழுவதும் நட்டின் மரைக்குள் இழுபடும். போல்ட் இரண்டு சுற்று லேசாக வந்து, பிறகு இறுகி நின்றுவிடும். அங்கே பலத்தைக் காட்டினால் போல்ட் முறியும், இல்லையென்றால் நட்டு தகட்டிலிருந்து பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அதனால் முதலில் கம்பி பிரஷ்ஷால் முனையைத் தேய்த்து மரை தெரியும்படி செய்யுங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை அடியுங்கள்.

அடுத்தது ஸ்பேனர். இந்த போல்ட் 5/16 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவிலான நெருக்கமான மரை), அதற்கு ஏற்றது 1/2 அங்குல ஸ்பேனர், அதாவது 12.7 மி.மீ. வீட்டில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனரும் உட்காரும். ஆனால் அந்த 0.3 மி.மீ. இடைவெளி, துருவேறிய போல்ட்டின் தலையை உருட்டிவிடப் போதும். 1/2 அங்குல ஆறுமுனை சாக்கெட்டை வாங்கிவிடுங்கள். பன்னிருமுனை சாக்கெட் மூலைகளில் மட்டுமே பிடிக்கும். கார்பெட் நூலோ தூசியோ போல்ட் தலையைச் சுற்றி அடைத்திருந்தால், ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரால் கிளறி எடுத்துவிட்டு சாக்கெட்டை அடிவரை அழுத்துங்கள்.

திருகும்போது முதலில் கழற்றும் திசையில் போகாதீர்கள். இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு அசைத்தால் துரு விடும் சத்தம் ‘டக்’கென்று கேட்கும். பிறகு கால் சுற்று வெளியே, மீண்டும் உள்ளே, அரை சுற்று வெளியே, மீண்டும் உள்ளே என்று போய்வர வேண்டும். இடையிடையே எண்ணெய் விடுங்கள். இறுகினால் உள்ளே போய்த் திரும்புங்கள். நான்கு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, முறிந்த ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் போகும். கேஸ் டார்ச்சால் சூடாக்குவதை இந்த இடத்தில் அறவே தவிர்க்கச் சொல்வோம். கீழே அண்டர்சீல், மேலே கார்பெட்டும் ஃபெல்ட்டும் இருக்கின்றன. மூன்றும் எரியக்கூடியவை. பெட்ரோல் பைப்பும் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது.

நட்டு பிய்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டால் ஒருவர் அடியிலிருந்து வைஸ் கிரிப்பால் (பிடித்தால் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) நட்டைப் பிடிக்க, இன்னொருவர் மேலிருந்து திருகலாம். அதற்கும் மசியாவிட்டால் போல்ட் தலையைச் சிறிய டிரில் முதல் பெரியதுவரை படிப்படியாகத் துளைத்து எடுத்துவிடுங்கள். பிறகு புது நட்டைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பதற்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். சுற்றியுள்ள தகடு துருவால் மெலிந்திருந்தால் நட்டு மட்டும் போதாது. 3 மி.மீ. தகடு ஒன்றை அடியில் வைத்து, நட்டை அதில் பற்றவைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். தகரத் திருகாணியை ஏற்றிச் சமாளிப்பது உயிரோடு விளையாடுவது. மோதலின்போது ஓட்டுநரின் எடையோடு சீட்டின் எடையும் சேர்ந்து இந்த நான்கு புள்ளிகளைத்தான் இழுக்கும்.

சீட் முன்னும் பின்னும் நகராமல் இறுகிக் கிடந்தால் இன்னொரு சிக்கல். போல்ட்டே தெரியாது. உடனே கடப்பாரையை வைத்து நெம்புவார்கள். சீட் முன்னும் பின்னும் ஓடும் தண்டவாளமான ரன்னர் வளைந்துவிட்டால் மறுபடி நேராவது கடினம். ரன்னரின் நீளம் முழுக்க எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பிறகு சீட்டின் பூட்டை விடுவிக்கும் நெம்புகோலை ஒருவர் முழுவதும் இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் சீட்டின் அடிச்சட்டத்தைப் பிடித்து முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். சாய்மானத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். பலம் ரன்னருக்குப் போகாமல் சாய்மானத்தின் கீல்களுக்குப் போய்விடும்.

வட அமெரிக்காவுக்குப் போன கார்களில் தூக்குவதற்கு முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். 1974 மாடலுக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு புது ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருந்தது: பெல்ட் போடாமல் ஸ்டார்ட் ஆகக் கூடாது. அதற்கான சுவிட்சின் ஒயர் சீட்டோடு வரும். அதே ஆண்டின் இறுதியில் அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. பல கார்களில் அந்த ஒயர்களை வெட்டி முறுக்கி விட்டிருப்பார்கள். இணைப்பைக் கழற்றாமல் சீட்டை இழுத்தால் ஒயர் அறுந்துபோகும்.

தூக்கும்போது நிலைப்படியின் பெயின்ட்டையும் கதவுத் தூணையும் கிழிப்பது ரன்னரின் கூர்மையான முனை. நிலைப்படியின் மேல் பழைய கம்பளத் துண்டைப் போடுங்கள், ரன்னர் முனைகளில் துணியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். கூரையை மடக்க முடிகிற ரோட்ஸ்டர் மாடல் என்றால் அதை மடக்கிவிட்டு இரண்டு பேராக மேல்நோக்கித் தூக்குவது நல்லது.

இனி மரக்கட்டைகள். ரன்னருக்கும் தரைக்கும் நடுவில் நீளமான மரப்பட்டி இருக்கும், போல்ட் போகும் துளையில் ஒரு உலோகக் குழல் இருக்கும். இவற்றைப் பார்த்து ‘யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்’ என்று தூக்கிப் போடுவோர் உண்டு. கம்பெனி வைத்து அனுப்பியதே இதுதான். மட்கிப்போன மரத்துக்குப் பதில் வாஷர்களை அடுக்கினால் ரன்னர் இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி நடுவில் தொங்கும். ஆள் உட்கார்ந்ததும் வளைந்து சீட் நகராது. புதுப் பட்டியை நல்ல கடின மரத்திலோ தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டிலோ, பழையதன் நீள அகலத்திலும் தடிமனிலும் வெட்டி, துளையின் உள்சுவர் உட்பட வார்னிஷ் அடியுங்கள். குழலின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். மரத்தைவிடக் குட்டையாக இருந்தால் இறுக்கும்போது மரம் நசுங்கும், சில வாரத்தில் போல்ட் தளரும். நெட்டையாக இருந்தால் மரம் ஆடும்.

உயரமானவர்கள் தலை இடிக்கிறதென்று மரப்பட்டியை எடுத்துவிட்டு சீட்டைத் தாழ்த்துவது வழக்கம். செய்யலாம். ஆனால் பழைய நீள போல்ட்டையே போட்டால் அதன் முனை தரைக்கு அடியில் அந்த அளவுக்குக் கூடுதலாக நீட்டும். மரத்தின் தடிமனைக் கழித்துப் புது நீளத்தைக் கணக்கிடுங்கள். நட்டுக்குள் குறைந்தது 8 மி.மீ., அதாவது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். சீட்டின் அடிச்சட்டமும் நெம்புகோலும் கார்பெட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

புது போல்ட் வாங்கும்போது நடக்கும் தவறு மில்லிமீட்டர் அளவிலான எம்8 போல்ட்டை வாங்குவது. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 5/16 என்பது 7.94 மி.மீ. மரை இடைவெளிதான் வேறு. யு.என்.எஃப்.பில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது 1.06 மி.மீ.; சாதாரண எம்8இல் 1.25 மி.மீ. கையால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு ஸ்பேனரால் ஏற்றினால் பற்றவைத்த நட்டின் மரையை அழித்துக்கொண்டே போகும். அதே விட்டத்து யு.என்.சி. (அகலமான மரை) போல்ட்டில் அங்குலத்துக்கு 18 மரை, அதுவும் ஆகாது. போல்ட் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5 என்ற வலுவான தரம். குறியே இல்லாத போல்ட்டை சீட்டுக்குப் போடாதீர்கள். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் வேண்டாம், அதன் மரை நட்டோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. மாட்டுவதற்கு முன் 5/16, 24 மரை டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றை எண்ணெய் தொட்டு நட்டுக்குள் கையால் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். டேப்பும் நேராக ஏற வேண்டும்.

சீட் வெளியே இருக்கும்போதே கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான எம்.ஜி.பி. சீட்டுகளில் மெத்தையைத் தாங்குவது கொக்கிகளால் சட்டத்தில் மாட்டிய ரப்பர் விரிப்பு. அது கொக்கி ஓரங்களில் கிழிந்திருந்தால் உட்கார்ந்ததும் பள்ளமாகும். மெத்தை போய்விட்டது என்று புது ஃபோம் போட்டால் காசுதான் வீண். சீட் இருந்த இடத்தில் தரையையும் கையால் அழுத்திப் பாருங்கள். கார்பெட்டின் அடி ஈரமாக இருந்தால் மூடாதீர்கள், காய வைத்துத் துருவைப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

புதுக் கார்பெட் விரித்திருந்தால் ஓட்டை போட டிரில்லை எடுக்காதீர்கள். டிரில் முனை ஒரு நூலைக் கவ்வியதும் அது கண்மூடித் திறப்பதற்குள் சுருண்டு ஏறும், கார்பெட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்துவிடும். அடியிலிருந்து நட்டுத் துளை வழியாகக் குத்தூசியை ஏற்றி இடத்தைக் குறித்து, மேலிருந்து குழல் உளியால் வெட்டி எடுங்கள். மரப்பட்டிக்கு அடியில் தடித்த ஃபெல்ட் இருக்கக் கூடாது. அது அமுங்க அமுங்க போல்ட் தளரும்.

மாட்டும்போது முதலில் நான்கு போல்ட்டையும் விரலால் சில சுற்று ஏற்றுங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் மற்ற மூன்றும் துளையைத் தவறவிடும், சாய்வாக ஏறி மரையை அழிக்கும். இரண்டு ரன்னரும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் முக்கியம். ஒன்று மற்றதைவிட ஒரு பல் (பூட்டு விழும் வெட்டு) முன்னே இருந்தால் சீட் கோணலாக உட்கார்ந்து பாதியில் சிக்கும். ரன்னர்களுக்கு இடைப்பட்ட தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகு சீட்டை ஒரு முறை முழு தூரமும் நகர்த்துங்கள். லேசாக ஓடினால் மாற்றி மாற்றி இறுக்குங்கள். நீண்ட கைப்பிடி வேண்டாம். மரையில் காப்பர் கிரீஸ் தடவியிருந்தால் அதே பலத்தில் போல்ட் கூடுதலாக இறுகும், அதையும் மனதில் வையுங்கள். ரன்னருக்கு கிரீஸை அப்பினால் மணலும் முடியும் ஒட்டிப் பசையாகிவிடும். உலர்ந்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஸ்பிரே போதும்.

சீட் பெல்ட்டின் பக்கிள் ரன்னருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உட்கார்ந்து, பிரேக் மிதியை முழு பலத்தோடு அழுத்தி முதுகால் சீட்டைத் தள்ளுங்கள். ஒவ்வொரு பல்லிலும் இதைச் செய்ய வேண்டும். பூட்டு ‘களுக்’கென்று விழுந்து சீட் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. நகர்ந்தால் காரை எடுக்காதீர்கள். ஓடும் காரில் பூட்டு விடுபட்டால் கால் மிதிக்கு எட்டாது. எல்லாம் சரியாக இருந்தால் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் நான்கு போல்ட்டையும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புது மரப்பட்டி போட்டிருந்தால் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும், கால் சுற்றாவது ஏறும்.