பெங்களூரில் போஸ்ட்டாக் தேடுகிறீர்களா?

பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெல்லாரி சாலை ஜிகேவிகே வளாகத்திலேயே உயிரியல் ஆய்வு நிறுவனங்களான என்சிபிஎஸ், இன்ஸ்டெம் இரண்டும் இருக்கின்றன; ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) இதே ஊர்தான். ஆய்வகத் தலைவருக்கு நேரடியாக மெயில் போடுங்கள்.

'ரெஸ்பெக்டட் சார்' என்று நாற்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டவன் நான் (அதில் பாதிப்பேர் மேடம்!). ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒரு லேபின் கட்டுரையில், மூன்றாம் படத்திலிருந்த வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைக் கண்டறியும் சோதனை) எனக்கு வந்த சந்தேகத்தை நாலு வரியில் எழுதிக் கேட்டேன். மறுநாளே ஜூமில் கூப்பிட்டார்கள்.

உதவித்தொகைக்கு மத்திய அரசின் டிபிடி-ஆர்ஏ (உயிரி தொழில்நுட்பத் துறை தருவது), என்பிடிஎஃப் (தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை) இரண்டையும் பாருங்கள். என்பிடிஎஃப் 2 ஆண்டு. வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. விண்ணப்பத்தோடு நீங்கள் சேரப்போகும் ஆய்வகத் தலைவரின் ஒப்புதலும் கேட்பார்கள், அதனால் மெயில் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.