டிஎன்ஏ ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு முகாமில், இருபது வயதிருக்கும் ஒரு பையன் ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கியதும் நேரே கடைசித் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டான். "பேர் வராதுல்ல மேடம், அப்புறம் என்ன?" என்றான். பதினாறு வருஷத்துக்கு முன்னால், இந்த வேலைக்கு வருவதற்கு முன், நானும் இதையேதான் சொன்னேன்.

ஆய்வுகளுக்காக ஒப்புதல் வாங்கி ரத்தம் எடுப்பதுதான் இப்போது என் வேலை. கொடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கும், இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் 2009-இல் தெரியவந்தது. நம் மக்கள் ரத்தம் கொடுத்ததால் தெரிந்தது அது. ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.

பேர் இருக்காது என்பதோடு நிறுத்திக்கொள்வது

பெயரை நீக்குவதில் இரண்டு வகை உண்டு. குழாயில் பெயருக்குப் பதில் ஓர் எண்ணை ஒட்டி, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்பது ஒன்று. அந்தப் பட்டியலையே அழித்துவிடுவது மற்றது. பட்டியல் இருந்தால் நீங்கள் பிறகு விலகலாம், முக்கியமாக ஏதாவது தெரிந்தால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழி இருக்கும். அழித்துவிட்டால் உங்கள் ரத்தம் எது என்று ஆய்வு செய்கிறவர்களுக்கே தெரியாது.

நான் கொடுத்தது இரண்டாவது வகை ஆய்வுக்கு, அதுவும் மார்பகப் புற்றுநோய் மரபணுக்களைப் பற்றியது. படிவத்தில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. ரத்தம் எடுத்தவரும் "பேர் வராதும்மா" என்றதோடு சரி. ஆறு வருஷம் கழித்து என் அக்காவுக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. பரிசோதனையில், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் ஒன்று பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் இருப்பது தெரிந்தது. பழைய ஆய்வு ஞாபகம் வந்து அங்கே ஓடினேன். "லிஸ்ட்டை எப்பவோ அழிச்சாச்சு" என்றார்கள். காசு கட்டித் தனியாகப் பார்த்தேன். எனக்கும் அதே மாற்றம். அது ஆறு வருஷமாக அவர்கள் குளிர்பெட்டியில், என் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. நான் பட்டியல் வைத்திருக்கும் ஆய்வாகப் பார்த்துக் கொடுத்து, "முடிவைச் சொல்லுங்கள்" என்று குறித்திருந்தால், அக்கா முன்னாலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருப்பாள். இன்றைக்கும் யாராவது படிக்காமல் கையெழுத்துப் போட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் சரியில்லை. 2013-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பெயரில்லாமல் பொதுவில் வைத்திருந்த டிஎன்ஏ விவரங்களை வம்சாவளி இணையதளங்களோடு ஒப்பிட்டு ஏறக்குறைய 50 பேர் யார் என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். பட்டியல் இருக்குமா, யாரிடம் இருக்கும், என் டிஎன்ஏ விவரம் வேறு யாருக்குப் போகும்: இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

'எதிர்கால ஆய்வுகளுக்கும்' என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் போடுவது

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடியினர் 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். மனச்சிதைவு நோய் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் அதே ரத்தத்தில் ஆராய்ந்தது பின்னால்தான் தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். 2010-இல் ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. இந்த நோய்க்கு மட்டும் என்று எழுதும் இடம் படிவத்தில் இருந்தால் எழுதுங்கள்.

படிவத்தின் நகலை வாங்காமல் வருவது

விலக நினைக்கும் நாளில் யாரிடம் பேசுவது என்பது அதில்தான் இருக்கிறது.

வீட்டில் சொல்லாமல் கொடுப்பது

சொல்லிவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கு வரும் முடிவு உங்கள் உடன்பிறந்தவர்களைப் பற்றியதும்தான்.

எச்சில் கேட்கும் கம்பெனியையும் ஆய்வையும் ஒன்றாக நினைப்பது

எச்சிலை வாங்கி டிஎன்ஏ பார்த்துச் சொல்லும் ட்வென்டித்ரீஅண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023-இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் போட்டது. ஆய்வுக்கோ, கொடுப்பவர்களுக்குக் கெடுதல் வராமல் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். அந்தக் கமிட்டியின் தொலைபேசி எண் படிவத்தில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வில் சொன்ன முடிவை மருத்துவ அறிக்கையாக எடுத்துக்கொள்வது

மருத்துவ லேபில் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்யாமல் எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.