மென்பொருள் காப்புரிமையில் புதுமை உண்டா என்று சோதிப்பது எப்படி

ஓர் அமெரிக்க மென்பொருள் காப்புரிமையை (பேடன்ட்) குறித்து “இதில் என்ன புதுமை இருக்கிறது?” என்ற வாதம் எழுந்தால், அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. உரிமையின் எல்லையை வகுப்பவை ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும் கோரிக்கைகளே. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் பெற்ற ‘ஒன் கிளிக்’ காப்புரிமை (எண் 5,960,411) இதைப் பயில ஏற்றது.

முதலில் விண்ணப்பத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கு அது 1997 செப்டம்பர் 12. அதற்குப் பின் வெளிவந்ததை எதிர்ச்சான்றாகக் காட்டிப் பொதுவாகப் பயனில்லை.

அடுத்து, முதல் கோரிக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள்: பொருளைத் திரையில் காட்டுதல், ஒரே செயலில் வாங்குபவரின் அடையாளத்தோடு ஆர்டரைச் சர்வருக்கு அனுப்புதல், முன்பே சேமித்த விவரங்களைச் சர்வர் எடுத்துக்கொள்ளுதல், ஷாப்பிங் கார்ட் இல்லாமலே ஆர்டரை நிறைவேற்றுதல். இவை அனைத்தும் ஒரே பழைய சான்றில் இருந்தால் புதுமை இல்லை. வெவ்வேறு சான்றுகளில் சிதறிக் கிடந்தால், துறையறிந்த ஒருவருக்கு அவற்றை இணைக்கும் எண்ணம் அன்றைக்கே எளிதில் தோன்றியிருக்குமா என்பதே கேள்வி. உண்மையான சண்டை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது; விடை தெரிந்த பிறகு எல்லாமே எளிதாகத் தோன்றும் என்பதால் நம் சொந்த உணர்வை இங்கே நம்பக் கூடாது.

கோரிக்கையில் இல்லாத சொல்லை நாமாகச் சேர்ப்பதும் பிழையே. புத்தக விற்பனை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்கு எதிராக அமேசான் தொடுத்த வழக்கில், 1990-களின் நடுவில் கம்ப்யூசர்வ் என்ற கணினித் தகவல் சேவை நிறுவனம் நடத்திய ‘டிரெண்ட்’ சேவை பழைய சான்றாக முன்வைக்கப்பட்டது. சந்தாதாரர் பங்கு விலை வரைபடம் ஒன்றை 50 சென்ட் கூடுதல் கட்டணத்தில் பெற முடிந்தது. அது வலைத்தளச் சேவை அன்று என்று கீழ் நீதிமன்றம் ஒதுக்கியது. முதல் கோரிக்கையில் இணையம் என்ற சொல்லே இல்லை என்பதைச் சுட்டிய மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்குக் கீழ் நீதிமன்றம் விதித்திருந்த இடைக்காலத் தடையை 2001 பிப்ரவரியில் நீக்கியது. காப்புரிமை செல்லாது என்று அது தீர்ப்பளிக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையை மீண்டும் ஆராய்ந்து வழங்கிய மறுஆய்வுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கால்வெலி 2006-இல் கோரிய மறுஆய்வின் முடிவில், 2010-இல், 1, 11 ஆகிய கோரிக்கைகள் திருத்தப்பட்ட வடிவிலேயே நிலைத்தன. பழைய வாசகத்தோடு வாதிட்டால் உழைப்பு வீண்.

ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் அளித்த தீர்ப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெறும் அருவக் கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் காப்புரிமைக்குத் தகுதி வந்துவிடாது என்பது அதன் சாரம். புதுமை வேறு கேள்வி.

மறுஆய்வை யாரும் கோரலாம். ஆனால் பழைய காப்புரிமைகளையும் அச்சிட்டோ வேறு வகையிலோ வெளியான ஆவணங்களையும் மட்டுமே அதற்கு ஆதாரமாக்க முடியும் என்பதால், ஓடும் மென்பொருளைத் தேடுவதைவிட அதன் தேதியிட்ட கையேட்டைத் தேடுவதே பலன் தரும்.