கோடியக்கரை வெளிமானை நெருக்கமாகப் படம் எடுப்பது எப்படி: டெலி லென்ஸ் புதிதாக வாங்கியவர்களுக்கு

கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான் கூட்டம் கண்ணில் பட்டதும் புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் அதை நோக்கி நடக்க ஆரம்பிப்பார்கள். நாம் பத்தடி எடுத்து வைத்தால் மான் இருபதடி விலகும். இன்னும் நெருங்கினால் ஒன்று துள்ளும், பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஓடும். கார்டில் மிஞ்சுவது மானின் பின்பக்கம்தான். முகம் தெளிவாக, கண்ணில் வெளிச்சப் புள்ளியோடு ஒரு படம் வேண்டுமென்றால், மான் நம்மைப் பார்த்து, 'இதனால் ஆபத்தில்லை' என்று முடிவுகட்டி, மறுபடி தலையைக் குனிந்து மேய வேண்டும். அதற்குத் தேவையான இடைவெளியை மானுக்கு விட்டுக் கொடுக்கத்தான் நீள லென்ஸ், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, காவிரி டெல்டா கடலில் முடியும் மூலையில் இருக்கிறது கோடியக்கரை. 1967-இல் சரணாலயம் ஆனது, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. டெல்டாவில் வெளிமானை அதன் சொந்த நிலத்தில் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். வேதாரண்யத்திலிருந்து பஸ் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023-இல் ரயிலும் திரும்ப ஓடத் தொடங்கியது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். எந்த நேரம், எந்தப் பாதை, வண்டி எதுவரை என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஊரில் ஒரு ஆட்டைப் படம் எடுங்கள்

வளர்ந்த வெளிமான் தோள் உயரத்தில் முக்கால் மீட்டர் முதல் 85 செ.மீ. வரை இருக்கும், உடல் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர் வெள்ளாட்டுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் பயிற்சிக்கு ஆட்டை மிஞ்சியது எதுவும் இல்லை.

அறுவடை முடிந்த வயலில் மேயும் ஆட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சாதாரண நடையில் 65, 70 எட்டு வரும். லென்ஸை முழுக்க நீட்டிப் பாருங்கள். க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால், அந்தத் தூரத்தில் சட்டகத்துக்குள் விழும் அகலம் சுமார் 3 மீட்டர். ஃபுல் ஃப்ரேமில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 600 மி.மீ. போட்டாலும் அதே 3 மீட்டர்தான். அதாவது ஆடு சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கும், சுற்றிலும் மூச்சுவிட இடமும் இருக்கும். கையில் இருப்பது 70-300 லென்ஸ் என்றால் அதே க்ராப் கேமராவில் 4 மீட்டர் அகலம் தெரியும். அதுவும் போதும். 600 மி.மீ. இல்லையே என்று யாரும் கடன் வாங்க வேண்டாம்.

இப்போது 30 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் மூன்றிலிருந்தும் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். 100 மீட்டர் படத்தில் ஆட்டின் முடி தனித்தனியாகத் தெரியாது. 50 மீட்டரில் தெரியும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், காட்டில் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

2. பயறு மூட்டை

நீள லென்ஸில் கை நடுக்கம் அப்படியே பெரிதாகும். ட்ரைபாட் நல்லதுதான், ஆனால் வண்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது அது எதற்கும் உதவாது. பழைய ஜீன்ஸ் பேண்டின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு பக்கத்தைத் தைத்து, இரண்டு கிலோ பயறோ உளுந்தோ போட்டு மறுபக்கத்தையும் தைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பக் கூடாது. லென்ஸை வைத்ததும் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க வேண்டும். உமி வேண்டாம், எடை இருக்காது, காற்றடித்தால் நகரும். டெல்டாவில் உளுந்துக்குப் பஞ்சம் இருக்காது.

இதைக் கார் ஜன்னல் விளிம்பிலும் வைக்கலாம், அனுமதி உள்ள இடத்தில் தரையிலும் வைக்கலாம்.

3. கேமராவில் என்ன வைப்பது

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மானைப் பார்த்த பிறகு பட்டனைத் தேடினால் காரியம் கெட்டுவிடும்.

ஷட்டர் ப்ரையாரிட்டி, அதாவது ஷட்டர் வேகத்தை நாம் வைக்க, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை. நிற்கும் மானுக்கு 1/500 நொடி, நடக்கும், ஓடும், சண்டையிடும் மானுக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும், உச்சவரம்பு 3200. படத்தில் கொஞ்சம் குருணை விழுந்தால் பரவாயில்லை, அசைந்து மங்கிய படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. நகரும் மானைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், அதாவது கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, நடுவில். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தானாகவே பிடிக்கும். ஆனால் முன்னால் புல் ஆடினால் சில சமயம் புல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறிவிடுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்துக்கு ஒரு வரம்பு சுவிட்ச் இருந்தால் தூர வரம்பில் வையுங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் தேடி நேரம் போக்காது. படங்களை ரா வடிவத்தில், அதாவது சென்சார் பதிந்த விவரத்தைச் சுருக்கித் திருத்தாத கோப்பாக, எடுங்கள்.

4. கானல்தான் பெரிய எதிரி

புதியவர்களைக் குழப்புவது இதுதான். காலை பத்து மணிக்கு, வெளிச்சம் கொட்டிக் கிடக்கும்போது, ஷட்டர் வேகமாக, மூட்டை மேல் லென்ஸை வைத்து, எல்லாம் சரியாக எடுத்த படம் மங்கலாக வரும். மானின் ஓரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நெளிந்திருக்கும். லென்ஸ் பழுது என்று கடைக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் தரை சூடேறி, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலெழும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி நேராக வராமல் வளைந்து வளைந்து வருகிறது. இடையில் எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு கெடும். தட்டையான கோடியக்கரை நிலத்தில், தரையோடு தரையாக 100 மீட்டருக்குப் பார்க்கும்போது இது உச்சத்தில் இருக்கும். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸானாலும் இதைத் தாண்ட முடியாது.

இதற்கு மருந்து நேரம்தான். பொழுது விடிந்து முதல் இரண்டு மணி நேரம், அப்புறம் மாலை நாலரைக்கு மேல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை ஈரமாகவும் புல் பசுமையாகவும் இருக்கும் தை, மாசி மாதங்கள் நல்லவை. மேகம் மூடிய நாளும் நல்ல நாள்தான்.

காருக்குள்ளும் இதே கோளாறு உண்டு. ஏசி போட்ட காரின் ஜன்னலை இறக்கி உடனே எடுத்தால், உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று லென்ஸுக்கு முன்னாலேயே வெளிக்காற்றோடு கலக்கும். ஏசியையும் எஞ்சினையும் நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் இறக்கி, ஐந்து நிமிடம் பொறுங்கள். எஞ்சின் அதிர்வும் நின்றுவிடும்.

5. மானைத் துரத்தாதீர்கள், புழுக்கையைத் தேடுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

கொம்புள்ள ஆண் வெளிமான் சும்மா சுற்றித் திரிவதில்லை. தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். பழைய புழுக்கை வெளிறிக் காய்ந்து கிடக்க, அதன் மேல் புதிது கறுப்பாக, ஈரப் பளபளப்போடு இருக்கும். புல்வெளி நடுவில் அப்படி ஒரு குவியலைப் பார்த்தால், அதன் சொந்தக்காரன் அங்கே திரும்பி வருவான் என்று அர்த்தம். கண்ணுக்கு முன்புறம் உள்ள சுரப்பியைப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்த்தும் அடையாளம் வைக்கும்.

ஆகவே மானைப் பின்தொடர வேண்டாம். பாதையிலிருந்து தெரியும்படி ஒரு புழுக்கைக் குவியலைக் கண்டுபிடியுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி, 50 மீட்டர் தள்ளி, பாதையிலேயே வண்டியை நிறுத்துங்கள். மூட்டையை வைத்து, லென்ஸை அந்த இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருங்கள். மான் தானாக வரும்போது அதன் முகம் உங்கள் பக்கம் இருக்கும். வண்டியைக் கண்டு மான் அவ்வளவாக அஞ்சுவதில்லை. வண்டியிலிருந்து இறங்கி நிற்கும் மனித உருவம்தான் அதை விரட்டும். வெளிமானுக்குப் பார்வை மிகக் கூர்மை, அதனால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டுவது, சட்டென்று லென்ஸைத் திருப்புவது எல்லாம் கூடாது.

மானின் மனநிலையை உடம்பிலேயே படிக்கலாம். தலை குனிந்து, வால் ஆடிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது. தலை நிமிர்ந்து, இரண்டு காதும் உங்கள் பக்கம் திரும்பினால் உங்களை அளக்கிறது. அந்த நேரத்தில் படமும் எடுக்க வேண்டாம், அசையவும் வேண்டாம். திரும்ப மேயத் தொடங்கட்டும். காலைத் தரையில் தட்டினாலோ, ஒன்று நான்கு காலும் நிலத்தை விட்டு எழத் துள்ளினாலோ, நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள். வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் முதலில் கவனிப்பது பெண் மான்கள்தான், அதனால் கொம்பையே பார்த்துக்கொண்டிருக்காமல் அவற்றின் காதையும் ஒரு கண் பாருங்கள்.

ஆண் மான் முகத்தை மேலே தூக்கி, கொம்பு முதுகில் படுமளவு சாய்த்து, காதைத் தொங்கவிட்டு நடந்தால் விரலைப் பட்டனில் வையுங்கள். எதிரே வேறொரு ஆணோ ஒரு பெண்ணோ இருக்கிறது. முறுக்கிய கொம்பின் வளையங்கள் அத்தனையும் தெரியும் கோணம் அதுதான்.

புல்லுக்குள் குட்டி தனியாகப் படுத்திருந்தால் அது அனாதை இல்லை. தாய் அதை மறைத்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. அங்கே நிற்கவே வேண்டாம், இடத்தையும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

வெளிமான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. காட்டு மரங்கள் சாய்ந்தன, வெளிமான்களும் செத்தன. மிச்சமிருக்கும் புல்வெளியிலும் சீமைக்கருவேலம் புகுந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவையும் தாங்கி நிற்கும் ஒரு கூட்டத்தை ஒரு படத்துக்காக வெயிலில் ஓடவிட யாருக்கும் மனது வரக் கூடாது.

6. பட்டனை அழுத்தும்போது

ஃபோகஸ் கண்ணில். 50 மீட்டர் தூரத்தில் 400 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு) என்றால் சுமார் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தெளிவாக வரும், ஒரு மான் முழுசாக அடங்கும். அதுவே 20 மீட்டருக்கு வந்துவிட்டால் அரை மீட்டர்தான். கண்ணை விட்டுத் தோளில் ஃபோகஸ் விழுந்தால் முகம் போய்விடும். இரண்டு ஆண்கள் கொம்பு கோத்தால் இரண்டும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் வரும் கணத்துக்காகக் காத்திருந்து எடுங்கள்.

வயதான ஆணின் மேலுடம்பு கருப்பு, வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை. கேமரா கருப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை வெளுத்துப் போகும். வெளுத்த இடத்தில் முடி எதுவும் பதிந்திருக்காது, பிறகு மீட்கவும் முடியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). முதல் படத்தை எடுத்ததும் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அது வலது சுவரில் முட்டக் கூடாது. பழுப்பு நிறப் பெண் மானுக்கு இந்தத் திருத்தம் வேண்டியதில்லை.

லென்ஸ் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேலிருந்து எடுத்தால் மானுக்குப் பின்னால் புல்தரை மட்டும் தெரியும். கண் மட்டத்தில் எடுத்தால் பின்னணி தூரத்துக்குப் போய், சீமைக்கருவேலப் புதரும் மெல்லிய பச்சையாகக் கரைந்துவிடும். வழிகாட்டி அனுமதித்தால் காரின் பின் கதவைத் திறந்து, உட்காரும் இடத்தில் மூட்டையை வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் கூடவே கூடாது. ட்ரோனை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் அரை நாள் மான் அகப்படாவிட்டால், அங்கே திரியும் மட்டக்குதிரைகளை எடுத்துப் பழகுங்கள். காட்டில் தலைமுறை தலைமுறையாகத் திரிபவை, மனிதரை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை.

7. உப்பும் ஈரமும்

உப்பளக் காற்று லென்ஸ் கண்ணாடியில் பொடியாகப் படியும். துணியால் நேராகத் துடைத்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் உலர்ந்த துணி. மான் தெரிகிற இடத்தில் லென்ஸை மாட்டிக் கழற்ற வேண்டாம், சென்சாரிலும் உப்பு போகும். ஏசி அறையில் தங்கினால் கேமராவை மூடிய பையோடு அரை மணி முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் விடியலின் நல்ல வெளிச்சம் முழுக்கப் பனி படிந்த கண்ணாடியைத் துடைப்பதிலேயே போய்விடும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் கண் தெளிவில்லாத படங்களை எல்லாம் அழியுங்கள். கொம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மிஞ்சியதில் மான் சிறிதாக இருந்தால் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும், ஏ4 அளவில் அச்சடிக்க அது போதும். வெட்டும்போது மான் பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள், குளம்பையும் கொம்பு நுனியையும் அறுத்துவிடாதீர்கள். வெள்ளை வயிற்றின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, கருப்பு முதுகின் நிழலைக் கொஞ்சம் ஏற்றினால் முடியின் அமைப்பு வெளியே வரும். பதிவிடும்போது படத்தோடு சேர்ந்து போகும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். கோடியக்கரை என்று எழுதினால் போதும்.