செடியைப் பிடுங்கும் முன் மோர் மிளகாய்

சித்திரை வெயில் ஏறியதும் மாடியில் இருக்கும் மிளகாய்ச் செடி பூவை உதிர்க்கும், காயும் சிறுத்துப்போகும். சரி, பிடுங்கிவிடலாம் என்று தோன்றினால், அதற்கு முன்னால் பச்சையாக இருப்பதை எல்லாம் காம்போடு பறித்துவிடுங்கள் (காம்பு இல்லாவிட்டால் விதை கொட்டும்). கழுவித் துடைத்து, நுனியில் லேசாகக் கீறி, நன்றாகப் புளித்த கெட்டி மோரில் கல்லுப்பு போட்டு ராத்திரி ஊறவையுங்கள். கால் கிலோவுக்கு அரை லிட்டர் மோர் தாராளம். காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும், மோர் வற்றும்வரை மூன்று நான்கு நாள் இப்படியே. அப்புறம் கலகலவென்று சத்தம் வரும்வரை காயட்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு டப்பாவில் அடைத்து, மொத்தமும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. தயிர் சாதத்துக்கு வறுக்கும்போது தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று கருகிவிடும்.