ஒரே கணினியில் இரு நிரல்கள் பேசும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைப் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் வாசிக்கும் குழாய்), யூனிக்ஸ் சாக்கெட் (கோப்புப் பாதையை முகவரியாகக் கொண்ட இருவழி இணைப்பு), லோக்கல் டிசிபி (அதே கணினிக்குள் நெட்வொர்க் இணைப்பு) என்று எதை எடுத்தாலும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, செய்வது பைட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. செய்தி எங்கே முடிகிறது, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா, பேச வருவது யார் என்பதையெல்லாம் நிரல் எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, ஒருமுறை எழுதியது ஒரே வாசிப்பில் அப்படியே வந்துவிடும் என்று நம்புவது. 300 பைட் செய்திகள் இரண்டை அனுப்பினால் மறுமுனையில் 600 பைட்டும் சேர்ந்து வரலாம். முதலில் 100, பிறகு 500 என்றும் வரலாம். சோதனையில் செய்தி சிறியது, கணினிக்கும் வேலை குறைவு; அதனால் பிழை தலைகாட்டாது. சுமை ஏறியதும் ஜேசன் வடிவில் அனுப்பிய தரவு பாதியில் அறுந்து நிற்கும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புங்கள். அத்தனை பைட் சேரும்வரை லூப்பில் வாசியுங்கள். நீளத்துக்கு உச்சவரம்பும் வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுப்போன ஒரு நீள எண் 4 ஜிபி நினைவகம் கேட்டு நிற்கும். எழுதும் பக்கமும் இதே கதைதான்: கேட்டதைவிடக் குறைவாக எழுதப்படலாம், திரும்பி வரும் எண்ணைப் பாருங்கள். ஒரே பைப்பில் பலர் எழுதினால், லினக்ஸில் ஒரே அழைப்பில் எழுதும் 4096 பைட் வரையிலான தரவு மட்டுமே மற்றவர்களுடையதோடு கலக்காமல் போகும்.

அடுத்தது, இரண்டு நிரல்களும் உறைந்து நிற்பது. லினக்ஸ் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். தாய் நிரல், தான் தொடங்கிய சேய் நிரலுக்கு 1 எம்பி உள்ளீட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சேய் நிரல் வாசித்தபடியே வெளியீட்டை எழுதுகிறது, அதை எடுக்க ஆளில்லை. இரண்டு பைப்பும் நிரம்புகின்றன, இருவரும் காத்திருக்கிறார்கள். சிபியு பயன்பாடு சுழியம், பிழைச்செய்தியும் கிடையாது. சேய் நிரல் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு அப்புறம் வாசிப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். பிழை வெளியீட்டையும் பைப்பில் பிடித்துவிட்டு வாசிக்க மறப்பது இதன் இன்னொரு முகம். பைத்தானில் கம்யூனிகேட் முறை இதைச் சமாளிக்கும். இப்படி ஒரு வசதி இல்லாத இடங்களில் தனி த்ரெட்டோ (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை), எந்த பைப் தயார் என்று சொல்லும் poll அழைப்போ தேவை.

ஃபோர்க் செய்தபின், அதாவது நிரலை நகலெடுத்து சேய் நிரலை உருவாக்கியபின், வேண்டாத பைப் முனைகளை மூடுங்கள். எழுதும் முனை ஒன்று எங்காவது திறந்திருந்தாலும் வாசிப்பவருக்கு முடிவு என்ற தகவலே வராது. வெளியீடு தாமதமாக வந்தால் முதலில் பஃபரை (அனுப்புமுன் தரவு சேர்ந்து நிற்கும் இடம்) சந்தேகியுங்கள்: டெர்மினலில் வரிக்கு வரி போகும் வெளியீடு, பைப்பில் பஃபர் நிரம்பிய பிறகே போகும், ஃபிளஷ் செய்தால் (சேர்ந்ததை உடனே அனுப்பச் சொன்னால்) சரியாகும். வாசிப்பவர் இறந்த பைப்பில் எழுதினால் சிக்பைப் சிக்னல் வந்து எழுதுபவரையே முடித்துவிடும். அந்த சிக்னலைப் புறக்கணித்து, எழுதும் அழைப்பு தரும் பிழையைக் கையாளுங்கள்.

யூனிக்ஸ் சாக்கெட்டில் தொல்லை தருவது பழைய கோப்பு. சர்வர் செத்தாலும் சாக்கெட் கோப்பு கிடக்கும். மறுபடி தொடங்கினால் 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று பைண்ட் (முகவரியைப் பிடிக்கும் அழைப்பு) மறுக்கும். கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் அதைவிட மோசம்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பாதையை இரண்டாவது நகல் பறித்துக்கொள்ளும், முதலாவது யாரும் வராத கடையாக நிற்கும். தனி லாக் கோப்பில் எஃப்லாக் (கோப்பைப் பூட்டும் அழைப்பு) எடுங்கள். கிடைத்த பிறகே பழையதை அழித்து பைண்ட் செய்யுங்கள். நிரல் எப்படி இறந்தாலும் அந்த லாக்கை கெர்னல் விடுவித்துவிடும். சாக்கெட் பாதைக்கு உள்ள இடம் லினக்ஸில் 108 பைட், மேக்கில் 104 மட்டுமே. கோப்பை எல்லோரும் எழுதும் தற்காலிக டைரக்டரியில் வைக்காமல், 0700 அனுமதியுள்ள (உரிமையாளர் மட்டுமே நுழையக்கூடிய) சொந்த டைரக்டரியில் வையுங்கள்.

லோக்கல் டிசிபி என்றால் 0.0.0.0 வேண்டாம், அது வெளி நெட்வொர்க்குக்கும் கதவைத் திறக்கும், 127.0.0.1 போதும். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் சில கணினிகளில் முதலில் ::1 (ஐபிவி6 வடிவ முகவரி) என்று பொருள்படும், ஆகவே இரு பக்கமும் ஒரே முகவரியைத் தாருங்கள். அதே கணினியின் பிற பயனர்களும் பிரவுசரில் திறந்த வலைப்பக்கமும்கூட இந்த போர்ட்டைத் தட்டமுடியும் என்பதால் டோக்கன் (ரகசியக் குறிச்சொல்) சரிபார்ப்பு அவசியம்.

ஷேர்டு மெமரி, அதாவது இரு நிரல்களும் பகிரும் நினைவகப் பகுதி, வேகமானது. ஆனால் அளந்து பார்த்து, சாக்கெட் போதவில்லை என்று தெரிந்த பிறகு போங்கள். அதற்குள் பாயின்டர் (நினைவக முகவரி) வைக்காதீர்கள், இரு நிரல்களிலும் அந்தப் பகுதி வேறு வேறு முகவரியில் இருக்கலாம். தொடக்கத்திலிருந்து உள்ள தூரத்தை வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தரவை மாற்றாமல் தடுக்கும் பூட்டுக்கு மியூடெக்ஸ் என்று பெயர். அந்தப் பூட்டைப் பிடித்தபடி ஒரு நிரல் இறந்தால் சாதாரண மியூடெக்ஸ் மற்றவரை என்றென்றைக்கும் நிறுத்திவைக்கும். ரோபஸ்ட் வகை மியூடெக்ஸ், முந்தையவர் இறந்ததை அடுத்தவருக்குச் சொல்லும். அவர் பாதியில் நின்ற தரவைச் சீர்செய்து, பூட்டு மறுபடி சரியாகிவிட்டது என்று அறிவித்த பிறகே அதை விட வேண்டும்.